தலைமுறைகளுக்கு இடையிலான தோழமையும் அயல்மொழிக் கல்வியும்

அயல்மொழி ஒன்றைக் கற்பிக்கும்போது இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் தனித்தனியே நடத்துவது ஒரு வழி. ஏதேனும் ஒரு பொருளை மையமாக வைத்து, அதைப் பற்றிப் படிக்கவும் பேசவும் எழுதவும் செய்து, அந்த வேலையின் ஊடாகவே மொழியைப் பழக்குவது இன்னொரு வழி. இதைப் பொருண்மை சார்ந்த மொழி கற்பித்தல் என்பர். அந்தப் பொருண்மை சுற்றுச்சூழலாக இருக்கலாம், உணவாக இருக்கலாம், பயணமாகவும் இருக்கலாம். முதியோருக்கும் இளையோருக்கும் இடையில் உள்ள உறவை, அவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்பதை, அப்படி ஒரு மையப் பொருளாக எடுத்துக்கொள்ளும்போது என்ன நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் முதுமை, குடும்பம், தாத்தா பாட்டியின் காலம் ஆகியவை பாடத்தின் தலைப்புகளாக மட்டும் இருக்கும். இரண்டாம் வகையில் முதியவர்களே வகுப்பின் பங்காளிகளாக வருவர். மாணவர் அவர்களோடு பேசியும் கேட்டும் மொழியைக் கற்பர். முதல் வகை பாடநூல்களில் எளிதாகக் கிடைக்கும். இரண்டாம் வகைதான் அரிது, பயனும் அதிலேயே கூடுதல்.

ஐரோப்பாவில் இந்தத் தலைப்பு வகுப்பறைக்குள் வந்ததற்கு அரசியல் காரணமும் உண்டு. மக்கள்தொகை முதுமையடைந்து வருவதை முன்னிட்டு ஐரோப்பிய அமைப்பு 1993-ஆம் ஆண்டையும், பின்னர் 2012-ஆம் ஆண்டையும் முதியோர் மற்றும் தலைமுறைகளுக்கு இடையிலான ஒருமைப்பாடு குறித்த ஆண்டுகளாக அறிவித்தது. ஏப்ரல் 29 அங்கே இதற்கான நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை அக்டோபர் 1-ஐ முதியோர் நாளாக 1990-இல் அறிவித்தது. தமிழ்நாட்டுக்கும் இது தொலைவான செய்தி அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு.

காளிக்குப்பத்தில் நடந்தது

இந்தப் பொருளில் உலக அளவில் பேசப்பட்ட சோதனைகளுள் ஒன்று தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டே நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சுகதா மித்ரா 1999-இல் தில்லி கால்காஜியில் ஒரு சுவரில் துளையிட்டுக் கணினியைப் பதித்து, அருகிலிருந்த குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாருடைய உதவியும் இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கற்பதைக் கண்டார். 'சுவரில் ஒரு துளை' என்று பெயர் பெற்ற அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, கடலோரத் தமிழ்க் கிராமமான காளிக்குப்பத்தில் இன்னும் கடினமான ஒரு கேள்வியை அவர் முன்வைத்தார். தமிழ் மட்டும் பேசும் கிராமத்துப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் உள்ள உயிரி மூலக்கூறு அறிவியலைத் தெருவோரக் கணினி ஒன்றின் மூலம் தாங்களாகவே கற்க முடியுமா?

முடியாது என்பதை நிறுவத்தான் அந்தச் சோதனையைத் தொடங்கியதாக மித்ரா பிற்பாடு மேடைகளில் கூறியதுண்டு. ஆனால் சில மாதங்களில் பிள்ளைகள் தேர்வில் ஏறத்தாழ 30 விழுக்காடு மதிப்பெண் எடுத்தனர். ஆசிரியர் நடத்திய பாடத்தைக் கேட்ட அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் நிலைக்கு அது இணையாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் ஒரு துணை சேர்க்கப்பட்டார். கணக்கர் வேலை பார்த்துவந்த இளம்பெண் அவர். உயிரியல் அவருக்குத் தெரியாது. கற்பிக்கத் தெரியாதே என்று அவர் தயங்கியபோது மித்ரா சொன்ன வழி 'பாட்டி முறை': பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும், அவர்கள் எதைச் செய்தாலும் வியக்க வேண்டும், "இதை எப்படிச் செய்தாய்? அடுத்தது என்ன?" என்று கேட்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் மதிப்பெண் 50 விழுக்காட்டை எட்டியது. தில்லியில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் தனியார் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணுக்கு அது சமம். இந்த ஆய்வு மித்ரா, ரித்து டங்வால் இருவரின் பெயரில் 2010-இல் பிரித்தானியக் கல்வித் தொழில்நுட்ப இதழ் ஒன்றில் வெளியானது.

இதையடுத்து 'பாட்டி மேகம்' என்று அழைக்கப்பட்ட ஏற்பாடு வந்தது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் வழியாக 2009-இல் ஓர் அழைப்பு விடுக்கப்பட்டது. வீட்டில் அகலக்கற்றை இணைப்பும் கேமராவும் வைத்திருக்கும் பாட்டிகள், வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை இந்தியப் பிள்ளைகளுக்குத் தர முடியுமா என்பதே கேள்வி. 200-க்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் அதில் இருந்தனர். பாட்டி அல்லாதோரும், ஆண்களும் இருந்தனர். ஸ்கைப் வழியாகக் கதை படித்துக் காட்டுவது, பாடுவது, காகிதத்தில் பொம்மை செய்வது, வெறுமனே பேசிக்கொண்டிருப்பது என்று நேரம் போகும். பாடம் என்று பெயரிட்டு எதுவும் நடத்தப்படவில்லை. இந்தப் பணிகளுக்காக 2013-இல் மித்ராவுக்கு 10 லட்சம் டாலர் டெட் பரிசு கிடைத்தது.

பிரேசிலின் சி.என்.ஏ. ஆங்கிலப் பயிற்சிப் பள்ளி 2014-இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அதன் மாணவர்கள் அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள முதியோர் குடியிருப்பு ஒன்றில் வாழ்பவர்களோடு காணொளியில் உரையாடினர். இளையோருக்குத் தாய்மொழியாளரோடு பேசும் வாய்ப்பு. முதியோருக்குப் பேச ஒரு துணை. இரு தரப்புக்கும் தேவை இருந்ததால் அந்த ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் தருமம் செய்யவில்லை. அந்தச் சமநிலை இந்த முறையின் உயிர்நாடி.

பாட்டி மேகத்தைக் குறை கூறுவோரும் உண்டு. பிரிட்டனிலிருந்து ஒருவர் இந்தியக் குழந்தைக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதில் பழைய ஆட்சிக்கால வாடை வீசுகிறது என்பது ஒரு குறை. சுவர்க் கணினிகள் பல இடங்களில் நீடித்து நிற்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் என்னை உறுத்துவது வேறு ஒன்று. காளிக்குப்பத்தில் பலன் தந்தது ஆங்கில அறிவு அன்று. பின்னால் நின்று வியக்கும் ஒரு மனிதர். அப்படியானால் அந்த மனிதரைத் தேடிக் கடல் கடந்து போவானேன்? அவர் அடுக்களையிலேயே இருக்கிறாரே?

சேத்தியாத்தோப்பிலிருந்து பார்க்கும்போது

சேத்தியாத்தோப்பு கடலூர் மாவட்டத்தில், விக்கிரவாண்டியிலிருந்து வடலூர் வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பேரூர். வெள்ளாறும் அதன் குறுக்கே உள்ள அணைக்கட்டும், எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையும், சற்றுத் தெற்கே வீராணம் ஏரியும் இவ்வூரின் அடையாளங்கள். வடமேற்கே நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால் இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைக்கு அயல்மொழி என்பது முதலில் ஆங்கிலம்தான். அதைப் பிள்ளை பத்து ஆண்டுகளுக்கு மேல் படிக்கிறது. படித்த பின்னும் ஐந்து வாக்கியம் தொடர்ந்து பேசத் தயங்குகிறது.

தயக்கத்தின் காரணங்களுள் ஒன்று வெட்கம். தவறாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற அச்சம் மொழி உள்ளே போகும் வழியை அடைத்துவிடுகிறது என்று ஸ்டீஃபன் கிராஷன் 1980களில் விளக்கினார். இந்த அச்சம் இல்லாமல் பிள்ளை ஆங்கிலம் பேசக்கூடிய இடம் வீட்டில் ஒன்று உண்டென்றால் அது ஆயாவின் முன்னால்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே தவறும் தெரியாது. "என்னடா கண்ணு படிக்கிற, எனக்கும் சொல்லேன்" என்று அவர் கேட்டால், பிள்ளை படித்ததைத் தமிழில் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முதலில் புரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் செய்த பத்தியை ஆயாவிடம் விளக்க முடியாது. இதைவிட நேர்மையான தேர்வு பள்ளியில் இல்லை.

இதன் மறுபக்கம் கசப்பானது. ஆங்கிலம் பல வீடுகளில் பேரனையும் ஆயாவையும் பிரிக்கும் சுவராகவே நுழைந்திருக்கிறது. பள்ளி விழாவுக்கு "நீ வராதே" என்று ஆயாவிடம் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படித்தவர் அறிவுடையவர், படிக்காதவர் அறிவற்றவர் என்ற கணக்கை ஆங்கில வகுப்பு சொல்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அந்தக் கணக்கைத் திருத்தாமல் 'முதியோரை மதிப்போம்' என்று கட்டுரை எழுதச் சொல்வதால் பயன் இல்லை.

தாத்தாவிடம் இருக்கும் ஆங்கிலம்

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கில வாக்கியம் ஒன்றுகூடப் பேசத் தெரியாத முதியவர்கள் நூறு இருநூறு ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றிப் பயன்படுத்துகிறார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு ஷிப்ட், கன்வேயர், பெல்ட், டிரிப், ஓவர்டைம், ஜெனரல் ஷிப்ட் எல்லாம் வாழ்ந்து பழகிய சொற்கள். கரும்பு போட்டவருக்குக் கட்டிங் ஆர்டர் தெரியும், ரெகவரி தெரியும். ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு 'ரெகவரி' என்றால் நோயிலிருந்து மீள்வது. அவளுடைய தாத்தாவுக்கு அது கரும்பிலிருந்து எத்தனை விழுக்காடு சர்க்கரை கிடைத்தது என்ற கணக்கு. அந்த ஆண்டு கடன் அடையுமா என்பதையே அது முடிவு செய்தது. ஒரே சொல்லின் இரண்டு பொருளும் ஒரே வீட்டில், ஆளுக்கொன்றாக இருக்கின்றன. இருவரும் உட்கார்ந்து பேசினால் இருவருக்கும் லாபம்.

எதிர்த் திசையிலும் ஒரு சொல் உண்டு. ஆங்கில அகராதியில் 'அனிகட்' என்ற சொல்லைப் பார்த்தால் அது தமிழின் 'அணைக்கட்டு' என்பதிலிருந்து வந்தது என்று இருக்கும். ஊர் எல்லையில் தினமும் பார்க்கும் ஒன்று ஆங்கிலத்துக்குள் குடியேறியிருப்பதை அறியும் மாணவர், அந்த மொழியை இரவலாக மட்டும் பார்க்கமாட்டார்.

ஆங்கிலத்தோடு நிற்கவும் வேண்டியதில்லை. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அமைக்கப்பட்டு 1962-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. மண்ணை வாரும் பெரும் எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. நகரியத்தின் வட்டங்களில் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தனர். வடக்கே புதுச்சேரியிலும் தெற்கே காரைக்காலிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா'க்கள் இருந்தனர். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி 1826 முதலும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதலும் இயங்குகின்றன. ருஷ்யம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகியவற்றை விருப்பப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரிகள், அம்மொழிகளைக் காதால் கேட்ட கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது என்பதை நினைவில் கொள்ளலாம். அவர்களின் நினைவைப் பதிவு செய்யும் பணியே ஒரு பருவத்துக்கான பாடமாகும்.

இலக்கணம் எங்கே வருகிறது?

இப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் இலக்கணத்தை எப்போது நடத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பது இயல்பு. இந்தப் பொருண்மையில் இலக்கணம் தானாகவே வந்து நிற்கிறது.

முதியவர்கள் பேசும் வாக்கியங்களைக் கவனியுங்கள். "அப்போ நாங்க கூழ்தான் குடிப்போம். சிதம்பரத்துக்கு நடந்தே போவோம்." வடிவத்தில் இவை எதிர்காலம், பொருளில் கடந்தகால வழக்கம். நடந்து முடிந்த பழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வினைமுற்றைப் பயன்படுத்துகிறது. இதை அப்படியே ஆங்கிலமாக்கும் மாணவர் 'வி வில் டிரிங்க்' என்று எழுதிவிடுவார். நாளைக்குக் கூழ் குடிக்கப்போவதாக ஆகிவிடும். ஆங்கிலத்தில் இதற்கு 'யூஸ்டு டு' என்ற அமைப்பும், 'வில்' என்பதன் இறந்தகால வடிவமான 'வுட்' என்பதும் உள்ளன. பிரெஞ்சில் 'அம்பர்ஃபே' என்ற தனிக் காலமே உண்டு. பாடநூலில் இரண்டு பக்கம் பயிற்சி செய்தும் பிடிபடாத இந்த வேறுபாடு, தாத்தாவின் பத்து வாக்கியங்களை மொழிபெயர்த்தால் பிடிபட்டுவிடும். ஏனென்றால் முதியவரின் பேச்சில் பெரும்பகுதி இந்தக் காலத்தில்தான் நடக்கிறது.

அடுத்தது 'நாங்கள்', 'நாம்'. கேட்பவரை விலக்கிப் பேசுவது முன்னது. சேர்த்துப் பேசுவது பின்னது. ஆங்கிலத்தின் 'வி', பிரெஞ்சின் 'நூ', ஜெர்மனின் 'வீர்' மூன்றும் இந்த வேறுபாட்டை அறியா. ஆயா "நாங்க" என்று தொடங்கும் கதையில் பேத்திக்கு இடமில்லை. "நம்ம நெலத்துல" என்று அவர் மாற்றும் இடத்தில் பேத்தி உள்ளே வந்துவிடுகிறாள். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வகுப்பில் கேட்டால் அரைமணி நேரம் நல்ல விவாதம் நடக்கும். ஒற்றை விடை கிடைக்காது. கிடைக்காததும் ஒரு பாடமே.

மரியாதைச் சொற்களில் தமிழ் மாணவருக்கு முன்கூட்டியே ஓர் அனுகூலம் உண்டு. பிரெஞ்சின் 'து', 'வூ', ஜெர்மனின் 'டூ', 'ஸீ' ஆகியவற்றைப் புரிந்துகொள்ள ஆங்கிலேய மாணவர் திணறுவார். நீ, நீங்கள் என்று வளர்ந்தவருக்கு அது உடனே விளங்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய பிரான்சில் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் தாத்தாவை 'து' என்றே அழைப்பர். அதில் அவமரியாதை இல்லை, நெருக்கமே உண்டு. நம் ஊரிலும் ஆயாவை "நீ வா" என்றும் தாத்தாவை "நீங்க வாங்க" என்றும் அழைக்கும் வீடுகள் ஏராளம். ஏன் அப்படி என்ற கேள்வியை மாணவர் முதன்முறையாக எழுப்பிக்கொள்வது பெரும்பாலும் அயல்மொழி வகுப்பில்தான்.

உறவுச் சொற்கள் இன்னும் சுவையானவை. ஆங்கிலம் தாய்வழி, தந்தைவழிப் பாட்டிகளைப் பிரிக்காது. சுவீடிய மொழி 'மொர்மொர்' (அம்மாவின் அம்மா), 'ஃபார்மொர்' (அப்பாவின் அம்மா) என்று வெளிப்படையாகவே பிரிக்கிறது. சீன மொழியில் தாய்வழிப் பாட்டி 'வைப்போ'. அதன் முதற்பகுதிக்கு 'வெளி' என்று பொருள். தாய்வழியை வெளியாள் என்று எண்ணிய குடும்ப அமைப்பு ஒற்றைச் சொல்லில் தெரிகிறது. ஜப்பானியர் தெருவில் காணும் எந்த முதியவரையும் 'ஒஜீசான்' என்பர், நாம் தாத்தா என்பதைப்போல. எனக்கு மிகவும் பிடித்த இணை இது: தமிழில் 'பேரன்' என்பது 'பெயரன்', அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குபவன். ஜெர்மனில் பேரனைக் குறிக்கும் 'எங்க்கெல்' என்ற சொல்லின் பழைய வடிவம் மூதாதையைக் குறிக்கும் சொல்லின் குறுமை வடிவம். சின்னத் தாத்தா என்று சொல்லலாம். தொடர்பே இல்லாத இரு மொழிகள் பேரனில் பாட்டனைக் கண்டிருக்கின்றன.

வகுப்பில் செய்து பார்க்க

ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் அலகை இப்படி அமைக்கலாம். முதல் நாள் வகுப்பில் பத்துக் கேள்விகளை மாணவர்களே ஆங்கிலத்தில் உருவாக்குவர். "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" போன்ற பாடநூல் கேள்விகள் வேண்டாம், எந்த ஆயாவும் அதற்கு விடை சொல்லமாட்டார். "முதல் கூலி எவ்வளவு, அதை என்ன செய்தீர்கள்?", "வீராணத்தில் தண்ணீர் வராத ஆண்டு எது, அப்போது எப்படிச் சமாளித்தீர்கள்?", "பார்த்த ஊர்களில் இப்போது இல்லாத ஊர் எது?" என்பவை வேலை செய்யும். கேள்விகளைத் தமிழாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவர். விடைகளைத் தமிழில், அவர் பேசிய வட்டார வழக்கிலேயே எழுதிவர வேண்டும். அதிலிருந்து ஒரு பக்கம் ஆங்கிலமாக்கப்படும். நாற்றங்கால், பரம்படித்தல், கருக்காய், போர் போன்ற சொற்கள் வரும்போது அகராதி கைவிரிக்கும். விளக்கி எழுதுவதா, சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதா என்று குழுவாக முடிவு செய்வர். இறுதியாக, ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அதை மீண்டும் தமிழில் அந்த முதியவருக்கே படித்துக்காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவர். அதுதான் முக்கியம். "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் மறுக்கும் இடத்தில்தான் மாணவர் தம் மொழிபெயர்ப்புப் பிழையைக் கண்டுகொள்வார். தம் சொல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேற்று மொழியில் எழுதப்பட்டிருப்பதைக் கேட்பதும் அவருக்குச் சிறிய செய்தி அன்று.

மூன்றாவது கேள்வி இந்த வட்டாரத்துக்கே உரியது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருமையான பொருள் வெளிப்பட்டதும், 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டதும் பாடநூலில் இருக்கும். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துவிட்டு வேறிடம் போனவர்களின் கதை அதில் இருக்காது. 2023 ஜூலையில் வளையமாதேவி வயல்களில் பயிர் நிற்கும்போதே கால்வாய் வெட்டும் பணி தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பை நாடே பார்த்தது. அதே சுரங்கத்தின் ஊதியத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாத்தாக்களும் இவ்வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் அமரும் இரு மாணவர்கள் நேரெதிரான இரு நேர்காணல்களோடு வருவர். 'ஆனால்', 'இருப்பினும்', 'என்று அவர் கூறினார்' ஆகியவற்றுக்கான ஆங்கில அமைப்புகளைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியாது. பிறர் கூற்றைத் தம் கருத்தோடு கலக்காமல் சொல்வது மொழித்திறன் மட்டுமன்று.

எச்சரிக்கைகள் சில. எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் தாத்தா பாட்டி இருப்பதில்லை. தெருவில் உள்ள முதியவர், பள்ளியில் சத்துணவு சமைப்பவர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று யாரையும் தேர்ந்தெடுக்க இடம் தர வேண்டும். ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே கேட்டு இசைவு பெற வேண்டும். முதியோர் சொல்வதெல்லாம் பொற்காலக் கதையாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டீக்கடையில் தனிக் குவளை, கோயில் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தது, பட்டினி, அடி என்று வரும். மறுபக்கத்தில், அதைச் செய்தவர்களும் தாத்தாக்களே. தோழமை என்ற சொல்லுக்காக இவற்றை மழுப்பினால் மாணவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவர். எதை வகுப்பில் படிப்பது, எதை நோட்டோடு வைத்துக்கொள்வது என்பதை மாணவரும் முதியவரும் முடிவு செய்யட்டும். மதிப்பெண் மொழிக்குத்தான், தாத்தாவின் வாழ்க்கைக்கு அன்று.

நேர்மாறான நிலை

இளையோர் முதியோருக்குக் கற்பித்த வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாலை நேரங்களில் திண்ணைகளில் அமர்ந்து பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தனர். புதுக்கோட்டையில் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அதன் பகுதியாகவே நடந்தது. இன்று கைப்பேசியில் ஆங்கிலத்தில் வரும் வங்கிக் குறுஞ்செய்தியைத் தாத்தாவுக்குப் படித்துச் சொல்லும் பேத்தி அந்த வேலையைத்தான் வேறு வடிவில் செய்கிறாள். அந்தக் குறுஞ்செய்தியும் ஓர் ஆங்கிலப் பாடமே; 'டெபிட்', 'கிரெடிட்' இரண்டையும் மாற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வந்துவிடும் என்பதால் கவனமாகப் படிப்பாள்.

முதியோரை மையமாக வைத்து மொழியையே மீட்டெடுத்த முயற்சி நியூசிலாந்தில் நடந்தது. மாவோரி மக்களில் தாத்தா பாட்டிகள் தம் மொழியைப் பேசினர். நடுத் தலைமுறை ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு மாவோரி அயல்மொழியாகிவிட்டது. 1982-இல் 'கோஹங்கா ரெயோ', அதாவது மொழிக்கூடு, என்ற பெயரில் முதல் மழலையர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே மாவோரி மட்டுமே பேசப்படும், பேசுபவர்கள் முதியவர்கள். நடுத் தலைமுறையைத் தாண்டி, முதல் தலைமுறையிலிருந்து மூன்றாம் தலைமுறைக்கு நேரடியாக மொழியைக் கடத்தும் ஏற்பாடு இது. ஹவாய்த் தீவினரும் 1980களிலேயே இதைப் பின்பற்றினர். ஒரு மொழியின் உயிர்ப்பை அளக்க யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2003-இல் வகுத்த ஒன்பது காரணிகளில் முதலாவதாக நிற்பது தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு மொழி கடத்தப்படுவதே.

தமிழுக்கும் இந்த நிலை வெளிநாடுகளில் வந்திருக்கிறது. டொராண்டோவிலோ ஒஸ்லோவிலோ லண்டனிலோ பிறந்த பிள்ளைக்குத் தமிழ் வார இறுதிப் பள்ளியில் படிக்கும் ஒரு பாடம், கிட்டத்தட்ட அயல்மொழி. அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளில் எழுத்து, இலக்கணம், திருக்குறள் எல்லாம் நடக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படும் ஒரே இடம் பெரும்பாலும் அம்மம்மாவோடு பேசும் தொலைபேசி அழைப்புதான். அம்மம்மாவுக்கு ஆங்கிலமோ நார்வேஜியமோ தெரியாது என்பது அங்கே குறையன்று. பிள்ளையைத் தமிழ் பேசவைக்கும் ஒரே கட்டாயம் அதுவே. "சாப்பிட்டியா", "ஓம்", "பள்ளிக்கூடம் போனியா", "ஓம்" என்று இரண்டு நிமிடத்தில் முடியும் அந்த அழைப்பை இருபது நிமிடமாக நீட்டுவதற்கான கேள்விகளை வகுப்பில் தயாரித்துக்கொடுத்தால், ஒரு பருவப் பாடநூல் தராததை அது தரக்கூடும். மேலே சேத்தியாத்தோப்பு மாணவருக்குச் சொன்ன அதே பத்துக் கேள்விகள் அங்கும் பொருந்தும். மொழித் திசை மட்டும் மாறும். முதல் கூலியைப் பற்றிக் கேட்டால் ஊர் மாறினாலும் தாத்தாக்கள் அரைமணி நேரத்துக்குக் குறைவாகப் பேசுவதில்லை.